"சும்மா இருந்துக்கோ": பிள்ளைக்கு வாடகையில்லாமல் வீடு கொடுப்பது தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் என்ன?

"அந்த வீடு பூட்டித்தானே கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் போய் இருந்துக்கோங்க. வாடகையெல்லாம் வேணாம்."

என் அம்மா தம்பியிடம் இதைச் சொன்னபோது நானும் அதே சமையலறையில்தான் இருந்தேன். தம்பிக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். பெற்றோர் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருந்த வீட்டை விற்காமலேயே வெஸ்ட்வில்லில் இன்னொரு வீடு வாங்கிக் குடிபோயிருந்தார்கள். பிள்ளை வாடகைக்குக் காசு கரைக்காமல் சேர்த்து வைக்கட்டும் என்பது அம்மாவின் எண்ணம். நல்ல எண்ணம்தான்.

ஆனால் அந்த ஒரே பேச்சை நாங்கள் நான்கு பேரும் நான்கு விதமாக எடுத்துக்கொண்டோம். நான் கேட்கும்போது திருப்பித் தருவான் என்று அம்மா நினைத்தார். சொந்தமாக வீடு வாங்கும்வரை, ஒரு மூன்று வருடம் இருப்பான் என்று நான் நினைத்தேன். உயிரோடு இருக்கும்வரை இருக்கலாம் என்று தம்பி நினைத்தான். வீட்டையே கொடுத்துவிட்டார்கள் என்று தம்பி மனைவி நினைத்தாள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பேச்சில் அந்த நான்குக்கும் இடம் இருந்தது, அவ்வளவுதான். டர்பனில் சொத்து மாற்றப் பத்திரங்கள் எழுதும் வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தவள் நான். அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நிலமும் வீடும் ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியில் வருபவை. அந்தச் சட்டத்தில் நாங்கள் நால்வரும் நினைத்த நான்குக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பெயருக்கு ஏற்றபடி வரி மாறும். வீட்டைத் திரும்பக் கேட்கும் முறை மாறும். பெற்றோர் இறந்த பிறகு நடப்பதும் மாறும்.

அம்மா நினைத்தது வெறும் அனுமதி

புரட்டாசியில் காய்கறிப் பிரியாணி ஆக்க அடுத்த வீட்டுப் பெரிய அண்டாவை வாங்கி வருகிறோம். அவர்கள் கேட்ட அன்று திருப்பிக் கொடுக்கிறோம். எத்தனை வருடம் நம் வீட்டில் இருந்தாலும் அண்டா அவர்களுடையதுதான். கேட்டதும் திருப்பித் தரவேண்டிய இப்படிப்பட்ட இரவலைச் சட்டம் பிரிகேரியம் என்று சொல்லும். எழுத்து தேவையில்லை, கெடு தேவையில்லை, வாடகை இல்லை. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் அனுமதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் நியாயமான அவகாசம் கொடுத்துத்தான் பெற வேண்டும். குழந்தை பள்ளிக்கூடம் போகும் வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்வது நியாயமான அவகாசமாகாது.

ஒன்றும் பேசாமல் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் பெரும்பாலும் இந்த வகையில்தான் சேருவார்கள். நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு பயத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. "முப்பது வருஷம் இருந்துட்டா வீடு அவனுக்கே போயிடும்" என்பார்கள். 1969-ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டத்தில் 30 வருடக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அது தானே உரிமையாளர் என்ற நிலையில் வெளிப்படையாக அனுபவித்து வருபவருக்கு. "அம்மா இருக்கச் சொன்னாங்க, இருக்கேன்" என்பவர் அம்மாவின் உரிமையை ஒப்புக்கொண்டே இருக்கிறார். அவருக்கு அந்தக் கணக்கு ஓடாது. அனுமதி கொடுத்ததாக ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் இந்தச் சந்தேகமே எழாது.

நான் நினைத்தது, காலம் குறித்த இரவல். "மூன்று வருடம் இருந்துகொள்" என்று கெடு சொல்லிக் கொடுத்தால், அந்த மூன்று வருடத்துக்குள் காரணமில்லாமல் திரும்பக் கேட்க முடியாது. கெடு முடிந்ததும் வீட்டை ஒப்படைக்க வேண்டும். இளம் தம்பதிக்கு இதுதான் நல்லது என்பது என் கருத்து. இறுதி நாள் தெரிந்தால் சேமிப்பு தானாக வேகம் பிடிக்கும்.

தம்பி நினைத்தது கொஞ்சம் கனமான விஷயம். ஆயுள் முழுவதும் ஒரு வீட்டில் குடியிருக்கும் உரிமைக்கு ஹாபிடேஷியோ என்று பெயர். சொத்தைப் பயன்படுத்தி அதிலிருந்து வரும் பலன்களையெல்லாம் எடுத்துக்கொள்ளும் உரிமை யூசுஃப்ரக்ட். ஊரில் ஆயுள்கால அனுபவ பாத்தியதை என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். இரண்டும் அந்த ஆளோடு முடிந்துவிடும், அவர் பிள்ளைகளுக்குப் போகாது. மூன்றாம் மனிதரையும் கட்டுப்படுத்த வேண்டுமானால் சொத்துப் பதிவு அலுவலகமான டீட்ஸ் ஆபீஸில், வீட்டின் உரிமைப் பத்திரமான டைட்டில் டீடோடு சேர்த்துப் பதிய வேண்டும். டர்பன் இருக்கும் குவாசூலு நட்டால் மாகாணத்து வீடுகளுக்கு அந்த அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. பதிந்துவிட்டால் வீட்டை வேறு யாருக்கு விற்றாலும் குடியிருக்கும் உரிமை அசையாது. அதனால் சாதாரணமாக நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை. ஊனமோ தீராத நோயோ உள்ள பிள்ளை, பெற்றோருக்குப் பிறகு தனியாக நிற்க முடியாத பிள்ளை என்றால் வேறு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்தப் பதிவும், தேவைப்பட்டால் வரிச் சட்டம் அங்கீகரிக்கும் சிறப்பு அறக்கட்டளையும் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே செய்துவைக்க வேண்டியவை. தள்ளிப் போடாதீர்கள்.

தம்பி மனைவி நினைத்தது தானம். "இந்த வீடு உங்களுக்குத்தான்" என்று பெரியவர்கள் வாய்ப்பேச்சாகச் சொல்வதற்குச் சட்டத்தில் பலம் கிடையாது. பின்னால் கொடுப்பதாகச் சொல்லும் தானம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. நிலத்தின் உரிமையோ டீட்ஸ் ஆபீஸில் பெயர் மாறினால்தான் கைமாறும். சாமி விளக்கின் முன்னால் நின்று சொன்னாலும் அதுதான் நிலை. இதைத் தம்பி மனைவியிடம் நான் சொல்ல நேர்ந்த நாள் எனக்கு மறக்காது. அந்த நம்பிக்கையில்தான் அவள் தன் சேமிப்பைப் போட்டுக் குளியலறையை மாற்றிக் கட்டியிருந்தாள்.

குளியலறை யாருடையது?

நிலத்தோடு கட்டப்பட்டது நிலத்துக்காரருக்குச் சேரும் என்பது பழைய விதி. அவள் போட்ட டைல்ஸும் பேசினும் சட்டப்படி அம்மாவுடையவை. அதற்காக அவள் கை வெறுங்கை என்றும் சொல்லிவிட முடியாது. அடுத்தவர் செலவில் ஒருவர் காரணமில்லாமல் பலனடையக் கூடாது என்ற கொள்கையின் பேரில் இழப்பீடு கேட்கலாம். வீடு விழாமல் காக்கச் செய்த அவசியச் செலவுக்கு ஒரு கணக்கு, வீட்டின் மதிப்பைக் கூட்டிய செலவுக்கு ஒரு கணக்கு, வெறும் அலங்காரத்துக்கு வேறு கணக்கு என்று வழக்கு நீளும். வக்கீல் செலவில் இன்னொரு குளியலறையே கட்டிவிடலாம்.

பிள்ளைகள் கட்டும் தனி அறையும் அவுட்பில்டிங்கும் இன்னும் பெரிய தொல்லை. நகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் இல்லாமல் கட்டினால் 1977-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதிகளின்படி குற்றம். உரிமையாளர் என்ற முறையில் கடிதம் அம்மா பேருக்குத்தான் வரும். வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரும் அவருடைய வங்கியும் வரைபடம் கேட்பார்கள். அன்றைக்கு இது தலையெடுக்கும்.

மாதச் செலவுகளும் அப்படித்தான். நகராட்சி வரி, குப்பை, சாக்கடை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் டர்பனின் எதெக்வினி நகராட்சி முதலில் பார்ப்பது உரிமையாளரைத்தான். எங்கள் வீட்டில் கழிவறைத் தொட்டி மாதக்கணக்கில் கசிந்து ஓடியது. தம்பி கவனிக்கவில்லை. பில் வெஸ்ட்வில் முகவரிக்கு வந்ததால் அவன் அதைப் பார்க்கவும் இல்லை. அம்மாவோ பில்லைப் பிரிக்காமலே டிராயரில் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டை விற்கும்போது நகராட்சியின் கிளியரன்ஸ் சான்றிதழ் இல்லாமல் டீட்ஸ் ஆபீஸ் பெயர் மாற்றாது. முந்தைய இரண்டு வருடப் பாக்கியைக் கட்டினால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். 2000-ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 118-ஆம் பிரிவு அது. மின்சாரத்துக்கு ப்ரீபெய்ட் மீட்டர் மாட்டிக்கொண்டால் பாதிக் கவலை தீரும். தண்ணீருக்கு, மாதம் ஒருமுறை மீட்டரைப் படமெடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

அடுக்குமாடி ஃபிளாட் என்றால் லெவி என்ற மாதப் பராமரிப்புக் கட்டணமும் உரிமையாளர் தலையில்தான். இரவு சத்தம் போட்டது பிள்ளையாக இருந்தாலும் சங்கத்தின் எச்சரிக்கைக் கடிதம் உங்களுக்கே வரும்.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்துக்கான பாலிசி வேறு, வீட்டுப் பொருள்களுக்கான பாலிசி வேறு. பிள்ளையின் டிவியும் சோபாவும் உங்கள் கட்டடப் பாலிசிக்குள் வராது, அவன் தனியாக எடுக்க வேண்டும். பூட்டிக் கிடந்த வீட்டில் ஆள் வந்ததையும், நீங்கள் அங்கே இல்லை என்பதையும் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கீசர் வெடித்த பிறகு தெரிவித்துப் பயனில்லை.

வரித்துறை எப்படிப் பார்க்கும்

வாடகை வாங்காவிட்டால் வாடகை வருமானம் கிடையாது. அந்த மட்டில் நிம்மதி. ஆனால் வருமானம் ஈட்டாத வீட்டின் செலவைக் கழிக்கவும் முடியாது. வங்கி வட்டி, நகராட்சி வரி, பழுது பார்த்த கூலி எதையும் உங்கள் வருமானக் கணக்கில் தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் ஏற்காது. வெளியாருக்கு விட்டிருந்தால் வாடகையிலிருந்து அதையெல்லாம் கழித்திருக்கலாம். ஆகவே பிள்ளைக்குச் சும்மா கொடுப்பதன் விலை, வராத வாடகையோடு நிற்பதில்லை. கழிக்க முடியாமல் போகும் இந்தச் செலவுகளையும் சேர்த்துத்தான் பெற்றோர் கணக்குப் பார்க்க வேண்டும்.

"அப்படியானால் பேருக்கு ஐந்நூறு ரேண்ட் வாடகை வாங்கி, எல்லாச் செலவையும் கழித்து நஷ்டம் காட்டலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். சந்தை வாடகையை ஈட்டும் நோக்கமே இல்லாத ஏற்பாட்டை வரித்துறை தொழிலாக ஏற்பது கடினம். அதோடு வருமான வரிச் சட்டத்தின் 20ஏ பிரிவு இதற்கென்றே காத்திருக்கிறது. வாடகைக்கு விட்ட குடியிருப்பில் குறைந்தது 80 சதவீதத்தை, வருடத்தில் பாதி நாளாவது, உறவினர் அல்லாதவர்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது சந்தேகத்துக்குரிய தொழில் பட்டியலில் விழும். உச்ச வரி விகிதத்தில் இருப்பவர்களின் வாடகை நஷ்டத்தைச் சம்பளத்தோடு சேர்க்க விடாமல் அடைத்துவைக்க அந்தப் பிரிவு வழி செய்கிறது. பிள்ளை உறவினர்தானே.

பிள்ளை மாதாமாதம் "செலவுக்கு வெச்சுக்கோங்கம்மா" என்று கையில் ஏதாவது கொடுத்தால்? குடியிருப்பதற்காகக் கொடுக்கும் பணம் வாடகையாகிவிடலாம். வாடகை என்றால் கணக்கில் காட்ட வேண்டும். பிள்ளையும் வாடகைக்காரன் ஆகிவிடுவான், 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுவசதிச் சட்டம் உள்ளே வந்துவிடும். வாய்மொழி வாடகையும் அந்தச் சட்டத்தில் வாடகைதான். அதனால், பிள்ளை தான் எரித்த மின்சாரத்தையும் தான் குடித்த தண்ணீரையும் நேரடியாக நகராட்சிக்கோ மீட்டருக்கோ கட்டுவது சுத்தமான வழி.

அடுத்தது, வீட்டை விற்கும் நாளில் வரும் மூலதன ஆதாய வரி. பலரை வருத்துவது இதுதான். ஒருவர் தான் குடியிருக்கும் முதன்மை வீட்டை விற்றால் ஆதாயத்தில் ஒரு பெரிய தொகைக்கு வரி விலக்கு உண்டு. 2012-இல் அது 20 லட்சம் ரேண்டாக உயர்ந்தது. பட்ஜெட்டில் இதெல்லாம் மாறக்கூடியது, விற்கும் வருடத்தின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது "தான் குடியிருக்கும்" என்ற சொல். வீட்டில் உரிமை உள்ளவரோ அவருடைய கணவன் மனைவியோ அங்கே குடியிருக்க வேண்டும். பிள்ளை குடியிருந்த காலம் பெற்றோருக்குக் கணக்காகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 லட்சத்துக்கு வாங்கிய இரண்டாவது வீட்டை 15 லட்சத்துக்கு விற்கிறீர்கள். ஆதாயம் 9 லட்சம். வருடாந்திரச் சிறு விலக்கை ஒதுக்கிவைத்தால், அதில் 40 சதவீதம், அதாவது 3,60,000 ரேண்ட், அந்த வருட வருமானத்தோடு சேரும். அதன்மேல் உங்கள் விகிதத்தில் வரி. அதே வீடு முழுக்க உங்கள் முதன்மை வீடாக இருந்திருந்தால் வரியே வந்திருக்காது. எங்கள் பெற்றோர் போல முதலில் பல வருடம் குடியிருந்து, பிறகு பிள்ளைக்கு விட்டவர்களுக்குக் காலத்தைப் பிரித்துக் கணக்கிடுவார்கள். எனவே குடிபெயர்ந்த தேதியை எழுதிவையுங்கள். இந்த வரி 2001 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே வாங்கிய வீடு என்றால் அந்த நாளின் மதிப்பும் தேவைப்படும்.

"தொல்லையே வேண்டாம், இப்போதே பிள்ளை பேருக்கு எழுதிவிடுகிறேன்" என்பவர்களும் உண்டு. அந்த 15 லட்சம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். தானம் கொடுத்தாலும் சந்தை விலைக்கு விற்றது போல மூலதன ஆதாயம் கணக்கிடப்படும். அதற்கு மேல் நன்கொடை வரி 20 சதவீதம். நெடுங்காலம் இருந்துவந்த வருடாந்திர விலக்கான 1 லட்சத்தைக் கழித்தால் 14 லட்சத்துக்கு 2,80,000 ரேண்ட். அதைக் கொடுப்பவர் கட்ட வேண்டும், அவர் கட்டாவிட்டால் பெற்றவரிடமும் கேட்பார்கள். வீட்டைப் பெறுபவர் கட்டும் சொத்து மாற்ற வரியான டிரான்ஸ்ஃபர் டியூட்டி 2025 ஏப்ரல் அட்டவணைப்படி 12,10,000-க்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதம், அதாவது 8,700. இதோடு வக்கீல் கட்டணம் தனி. உயில் மூலம் அதே வீடு பிள்ளைக்குப் போனால் டிரான்ஸ்ஃபர் டியூட்டி கிடையாது, நன்கொடை வரியும் கிடையாது. இறந்தவர் சொத்தின்மேல் விழும் வரியான எஸ்டேட் டியூட்டியும் 35 லட்சம் ரேண்ட் வரைக்கும் இல்லை. அதனால்தான் அலுவலகத்தில் பெரியவர்கள் அவசரப்படும்போதெல்லாம் முதலில் உயிலைப் பற்றிப் பேசச் சொல்வேன்.

வெறும் அனுமதியில் இருப்பதற்கு, கைமாறும் உரிமை எதுவும் இல்லாததால், நன்கொடை வரிப் பேச்சு பொதுவாக எழுவதில்லை. ஆயுள்கால உரிமையைப் பதிந்து இலவசமாகக் கொடுத்தால் கதை வேறு. அதற்கு வயதை வைத்து மதிப்புப் போட்டு வரி கணக்கிடுவார்கள்.

திரும்பக் கேட்கும் நாள்

இதை எழுதும்போது மனம் கனக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் விளக்கம் முழுமையாகாது.

அம்மாவுக்கு வீட்டை விற்க வேண்டிய தேவை வருகிறது. மருத்துவச் செலவாக இருக்கலாம். பிள்ளை போகமாட்டேன் என்கிறான். "என் வீடு, என் பிள்ளை, பூட்டை மாற்றிவிடுவேன்" என்று கோபத்தில் தோன்றும். கூடாது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் அவருடைய வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 26(3) பிரிவு சொல்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது, சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டின் பை (PIE) சட்டம். முதலில் அனுமதியோடு வந்து, அனுமதி போன பிறகும் தங்கிவிட்டவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2002-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்ற பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு. பூட்டை மாற்றினால் மறுபடி உள்ளே விடும்படி நீதிமன்றம் உத்தரவிடும். உத்தரவில்லாமல் வெளியேற்றுவது குற்றம், அபராதமோ இரண்டு வருடம் வரை சிறையோ கிடைக்கலாம். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியே துரத்துவதும் கூடாது.

முறையான வழி இது. முதலில் அனுமதியைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் அறிவிப்பு, நியாயமான அவகாசத்தோடு. போகவில்லையென்றால் நீதிமன்றத்தில் மனு. விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பு, குடியிருப்பவருக்கும் நகராட்சிக்கும் நீதிமன்ற அறிவிப்பு போக வேண்டும். குழந்தைகள், முதியவர்கள், உடல் ஊனமுற்றோர், பெண்ணே தலைமை தாங்கும் குடும்பம் இவற்றையெல்லாம் நீதிபதி எடைபோடுவார். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர் என்றால் அவர் போக வேறு இடம் உண்டா என்பதையும் பார்க்கலாம். வேலையும் வருமானமும் உள்ள பிள்ளைக்கு எதிராக உரிமையாளருக்கு உத்தரவு கிடைப்பதே வழக்கம். ஆனால் மாதங்கள் போகும், பணம் போகும், வீட்டு விசேஷங்களுக்கு முகம் கொடுத்துப் பேச முடியாமல் போகும்.

கடற்கரையில் விடுமுறைக்கு மட்டும் போய்வரும் வீடு இந்தச் சட்டத்தில் "வீடு" ஆகாது என்று 2007-இல் ஒரு தீர்ப்பு வந்தது. வைல்ட் கோஸ்ட் என்ற கடற்கரைப் பகுதியில் கட்டிய விடுமுறைக் குடில்கள் பற்றிய வழக்கு அது. அதனால் ஸ்காட்பரோவில் உங்கள் ஃபிளாட்டுக்குப் பிள்ளை எப்போதாவது போய் நான்கு நாள் தங்குவது ஒரு பிரச்சினையும் இல்லை. அங்கேயே பெட்டி படுக்கையோடு குடியேறிவிட்டால்தான் அது அவன் வீடாகிறது.

"பெற்றவர்களையே நீதிமன்றத்துக்கு இழுக்கும் சட்டமா?" என்று அம்மா என்னிடம் கேட்டார். எனக்கு அவருடைய சொந்தக் கதைதான் பதிலாக வந்தது. அம்மா பிறந்தது டர்பனின் கேட்டோ மேனரில். 1950-இல் வந்த, எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் அந்த மண்ணை வெள்ளையருக்கு ஒதுக்கியது. தாத்தா தன் கையால் நட்ட மாமரத்தையும் விட்டுவிட்டு, 1964 முதல் குடியேற்றப்பட்ட சாட்ஸ்வர்த்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றுக்கு வந்தார். எங்கே போவீர்கள், பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று அன்றைக்கு எந்த நீதிபதியும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இனி கட்டாயம் கேட்டே ஆகவேண்டும் என்று எழுதியதுதான் 26(3). அது தாத்தாவுக்குக் கிடைக்காத பாதுகாப்பு. பேரனுக்குக் கிடைப்பதை நான் குறையாக நினைக்கமாட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

நம்மவர் பலர் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உள்ள பழைய வீட்டை விற்க மனமில்லாமல் வைத்திருப்பதற்கும் அந்த வரலாறுதான் காரணம் என்று நம்புகிறேன். ஒருமுறை இழந்தவர்கள் மறுபடி எளிதில் விடமாட்டார்கள்.

பெற்றோர் காலத்துக்குப் பின்

அனுமதி ஆளோடு ஆளுக்குக் கொடுத்தது. கொடுத்தவர் இறந்ததும் வீடு அவர் விட்டுப்போன சொத்துத் தொகுப்பான எஸ்டேட்டுக்குள் போகிறது, உயர்நீதிமன்றத்தின் மாஸ்டர் என்ற அதிகாரி நியமிக்கும் எக்சிகியூட்டர், அதாவது அந்தச் சொத்தை நிர்வகித்துப் பிரிப்பவர், கைக்கு வருகிறது. கடன் தீர்க்க அவர் விற்கவும் செய்யலாம். மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று உயில் இருந்தால் மூவரும் கூட்டு உரிமையாளர்கள். ஒருவன் மட்டும் குடியிருந்தால் மற்ற இருவரில் யார் வேண்டுமானாலும் பங்கு பிரிக்கச் சொல்லி நீதிமன்றம் போகலாம். பெரும்பாலும் அது விற்பனையில் முடியும்.

பிள்ளைகளுக்குள் மனஸ்தாபம் வருவதும் இந்தக் கட்டத்தில்தான். மாதம் 7,000 ரேண்ட் வாடகை பெறும் வீட்டில் ஒருவன் பத்து வருடம் சும்மா இருந்தால், அது 8,40,000 ரேண்ட். வெளியூரில் வாடகை கட்டிய அக்கா அதை மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். பெற்றோரிடம் உயிரோடு இருக்கும்போதே பெற்ற பெரிய உதவியைப் பாகம் பிரிக்கும்போது கணக்கில் சேர்க்கும் பழைய விதி ஒன்று நம் சட்டத்தில் உண்டு, கொலேஷன் என்பார்கள். இலவசக் குடியிருப்பு அதில் வருமா என்று வாதிட இடம் கொடுக்கவே வேண்டாம். "சாட்ஸ்வர்த் வீட்டில் மகன் இருந்ததைப் பங்கில் கழிக்க வேண்டாம்" என்றோ "கழிக்க வேண்டும்" என்றோ உயிலில் ஒரு வரி போதும். உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பலன் பெறும் பிள்ளையையோ அவர் மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள், வைத்தால் அவர்களுடைய பங்கே போய்விடக்கூடும்.

பிள்ளை முந்திப் போய்விட்டால் மருமகள் நிலை என்ன? தாலி கட்டி, சட்டப்படி பதியாத கல்யாணங்கள் நம்மிடம் நிறைய உண்டு. இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவியும், உயிலில்லாமல் இறந்த கணவனின் சொத்தில் வாரிசுதான் என்று 2008-இல் டர்பன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அவன் சொத்தில்தான். வீடு மாமியார் பேரில் இருந்தால் அதில் வாரிசுரிமை பேசவே இடமில்லை. பேரப்பிள்ளைகளோடு அவள் அங்கே இருக்க வேண்டும் என்று விரும்பும் மாமியார் அதைத் தனியாக எழுதிவைக்க வேண்டும்.

ஒரு பக்கக் காகிதம்

எங்கள் வீட்டில் கடைசியில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து ஒரே பக்கம் எழுதினோம். இது வாடகை ஒப்பந்தம் அல்ல, அம்மா கொடுக்கும் அனுமதி என்று முதல் வரி. இன்னார் இன்னார் குடியிருக்கிறார்கள், வேறு யாரையும் குடிவைக்கவோ உள்வாடகைக்கு விடவோ கூடாது. திரும்பக் கேட்டால் ஆறு மாத அவகாசம், அவசர மருத்துவத் தேவை என்றால் மூன்று மாதம். தண்ணீரும் மின்சாரமும் தம்பி, நகராட்சி வரியும் கட்டட இன்சூரன்ஸும் அம்மா. சிறு பழுது அவன், கூரையும் கீசரும் அம்மா. எழுத்தில் கேட்காமல் எதையும் கட்டக் கூடாது, கேட்டுக் கட்டினால் செலவு யாருடையது என்று அப்போதே எழுத வேண்டும். தம்பி மனைவி கட்டிய குளியலறைக்கு, வீடு விற்கும் நாளில் அவள் ரசீதில் உள்ள தொகை முதலில் அவளுக்கு. இந்த வரியை அம்மாதான் சொன்னார். அவள் அன்று அழுதாள்.

வக்கீல் இல்லாமலும் இதை எழுதலாம். ஆயுள்கால உரிமை, தானம், அறக்கட்டளை என்று போனால் மட்டும் சொத்து மாற்ற வக்கீலிடமும் வரி தெரிந்தவரிடமும் போய்க் கேளுங்கள். பெற்றோர் சமூகச் சொத்து முறையில் மணந்தவர்கள் என்றால் வீடு இருவருக்கும் பொது, இருவரும் கையெழுத்திட வேண்டும். தம்பியும் அவன் மனைவியும் சேர்ந்தே போட்டார்கள். ஒரு பிரதி சாட்ஸ்வர்த் வீட்டில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில், இன்னொன்று அம்மாவிடம் டைட்டில் டீட் இருக்கும் அதே பழைய பிஸ்கட் டின்னில்.